நேரச் சங்கிலியின் கதை



மலாயாவின் சாலைகளில் ஒரு காலத்தில் பழகிய வண்டியாக ஓடியது மோரிஸ் மைனர். இன்று அந்தக் காரைப் பெரும்பாலும் பழைய பொருள்களில் பற்றுக் கொண்டவர்கள் வீட்டில்தான் காண்கிறோம். துருப்பிடித்துக் கிடந்த வண்டியை வாங்கி, எஞ்சினைக் கழற்றி, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, மீண்டும் பூட்டி ஓட்டுகிறார்கள். அப்படிப் பூட்டும்போது, எல்லா உறுப்புகளும் புதியனவாக இருந்தும், எஞ்சின் சரியாக ஓடாமல் போவது உண்டு. காரணம் ஒரு சிறிய சங்கிலியாக இருக்கலாம். பட்டறைக்காரர்கள் அதை டைமிங் செயின் என்பார்கள். நாம் நேரச் சங்கிலி என்று சொல்லலாம். அந்தச் சங்கிலி எவ்வாறு பிறந்தது, அதை ஏன் அவ்வளவு கவனமாக மாட்ட வேண்டும் என்பதை இன்று காண்போம்.

பால்மரம் சீவும் வேலைக்கு நேரம் எவ்வளவு முக்கியம் என்பது நமக்குத் தெரியும். விடியுமுன் சீவினால் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறிய பிறகு சீவினால் அதே மரம், அதே கத்தி, அதே கை. ஆனால் மங்கில் பால் குறைவு. எஞ்சினும் அப்படித்தான். அதற்கு வலிமை தருவது பெட்ரோல். அந்த வலிமையைப் பயன்படச் செய்வது நேரம்.

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் நான்கு முறை ஓடினால் ஒரு சுற்று வேலை முடிகிறது. முதலில் கீழே இறங்கிக் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் உறிஞ்சுகிறது. இரண்டாவதாக மேலேறி அதை அழுத்துகிறது. மூன்றாவதாக, தீப்பொறி பட்டு எரியும் வாயு அதைக் கீழே தள்ளுகிறது. நான்காவதாக மேலேறிப் புகையை வெளியேற்றுகிறது. இந்த நான்கு ஓட்டங்களுக்குள் அடியில் இருக்கும் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றிவிடும். ஆனால் காற்று நுழையும் வால்வும் புகை போகும் வால்வும் ஒவ்வொரு முறை திறந்து மூடினால் போதும். ஆகவே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு, கிராங்க் தண்டின் வேகத்தில் சரிபாதி வேகத்தில்தான் சுழல வேண்டும். இரண்டுக்கு ஒன்று என்னும் இந்தக் கணக்கே நம் கதையின் அச்சாணி.

இந்த நான்கு ஓட்ட எஞ்சினை 1876ஆம் ஆண்டில் ஜெர்மனியில் செயல்படச் செய்து காட்டியவர் நிக்கோலாஸ் ஓட்டோ. அதன் பின் வந்த முற்காலக் கார்கள் சிலவற்றில் காற்று நுழையும் வால்வுக்குத் தனியே இயக்கம் கிடையாது. பிஸ்டன் இறங்கும்போது ஏற்படும் உறிஞ்சலே அதை இழுத்துத் திறக்கும். மெல்லிய சுருள் கம்பி அதை மூடும். மெதுவாக ஓடிய எஞ்சினுக்கு அது போதுமானதாக இருந்தது. வேகம் கூடக் கூட அந்த வால்வு பின்தங்கியது. பிறகுதான் இரு வகை வால்வுகளையும் கேம் தண்டே திறக்க வேண்டும் என்ற முறை நிலைபெற்றது. அதற்குப் பின் இரு தண்டுகளும் எப்போதும் ஒத்துச் சுழல வேண்டியது கட்டாயமாயிற்று.

இரண்டு தண்டுகளை இணைக்க முதலில் கைகொடுத்தவை ஒன்றோடொன்று கவ்வும் பற்சக்கரங்கள். 1908இல் வெளிவந்து உலகெங்கும் ஓடிய ஃபோர்டின் டி மாடல் காரிலும் பற்சக்கரங்களே இந்த வேலையைச் செய்தன. அவை உறுதியானவை. ஆனால் ஓசை மிகும். தண்டுகள் தள்ளி இருந்தால் சக்கரங்களும் பெரியனவாக வேண்டும், அல்லது இடையே வேறு சக்கரங்கள் வேண்டும். சங்கிலிக்கு இந்தத் தொல்லை இல்லை. எட்ட இருக்கும் இரு தண்டுகளையும் அது எளிதாகச் சேர்த்துவிடும்.

நல்ல சங்கிலியை உலகுக்குத் தந்தவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்த இவர் 1873இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு வந்தார். 1879இல், அருகிலுள்ள சால்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் நடத்திவந்த சிறிய சங்கிலித் தொழிற்கூடத்தை விலைக்கு வாங்கினார். அன்றைய சங்கிலிகளில் ஊசிகள் மெல்லிய தகடுகளின் துளைகளில் நேரே உராய்ந்தன. அதனால் விரைவில் தேய்ந்தன. ரெனால்ட் 1880இல் ஒரு மாற்றம் செய்தார். ஊசிக்கும் உருளைக்கும் நடுவே ஒரு சிறு குழாயைப் பொருத்தினார். உராய்வு அகன்ற பரப்பில் பரவியது. சங்கிலியின் ஆயுள் நீண்டது. அந்த அமைப்பே இன்றுவரை நம் மோட்டார் சைக்கிளில் இருக்கிறது. ரெனால்ட் தம் தொழிலாளர்களுக்கு 1896இலேயே வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்ற முறையைக் கொண்டுவந்தவர் என்பதும் நாம் அறியத்தக்கது.

சங்கிலியின் வரலாறு ஓரிடத்தில் நம் தோட்ட வரலாற்றையும் தொடுகிறது. 1885இல் ரோவர் சைக்கிள், பின் சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கிப் புகழ் பெற்றது. 1888இல் டன்லப் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். முதலில் சைக்கிளும் பிறகு காரும் பெருகப் பெருக, ரப்பருக்குத் தேவை பெருகியது. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது. காடுகள் தோட்டங்களாயின, கங்காணிகளோடு நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். மோட்டார் காரின் கதையைச் சொல்லும்போது நாம் வெளியார் அல்லர். அதன் சக்கரத்தில் நம்மவர் உழைப்பு ஓடியிருக்கிறது.

இனி மோரிஸ் மைனருக்கு வருவோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. 1952இல் ஆஸ்டின், மோரிஸ் ஆகிய இரு நிறுவனங்களும் ஒன்றாயின. அதன் பயனாக, ஆஸ்டின் 1951இல் கொண்டுவந்த ஏ வரிசை எஞ்சின், 803 சி.சி. அளவில் மோரிஸ் மைனருக்குள் வந்தது. 1956இல் 948 சி.சி. ஆகவும், 1962இல் 1098 சி.சி. ஆகவும் வளர்ந்தது. மோரிஸ் மைனர் கார் உற்பத்தி 1971இல் நின்றது. ஆனால் அதே குடும்ப எஞ்சின் மினி காரில் 2000ஆம் ஆண்டுவரை தொடர்ந்தது. எனவே இதை அறிந்தவர் பல வண்டிகளுக்கு வைத்தியம் பார்க்கலாம்.

இந்த எஞ்சினின் முன்பக்க மூடியைத் திறந்தால் இரண்டு பற்சக்கரங்கள் தெரியும். சிறியது கிராங்க் தண்டில். பெரியது கேம் தண்டில். பெரியதன் பற்கள் சிறியதைப் போல் இருமடங்கு. ஒவ்வொரு சக்கரத்தின் முகத்திலும் ஒரு சிறு புள்ளி பொறிக்கப்பட்டிருக்கும். இரு தண்டுகளின் மையங்களையும் சேர்த்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின்மேல் இரு புள்ளிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்து நிற்க வேண்டும். இதுதான் விதி.

செய்முறையும் கடினமன்று. ஒவ்வொரு தண்டிலும் சக்கரத்தை வழுவாமல் பிடிக்க ஒரு சிறு இரும்புத் துண்டு உண்டு. அதைக் கீ என்பார்கள். முதலில் கிராங்க் தண்டைத் திருப்பி, அதன் கீ நேர் மேலே வரச் செய்ய வேண்டும். அப்போது முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும். கேம் தண்டின் கீ, எஞ்சினை முன்னிருந்து பார்க்கையில், கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் இடத்தை ஒட்டி நிற்கட்டும். பிறகு இரு சக்கரங்களையும் வெளியிலேயே சங்கிலிக்குள் வைத்து, புள்ளிகளை எதிரெதிராக்கிக்கொண்டு, மூன்றையும் ஒன்றாகத் தூக்கித் தண்டுகளில் செருக வேண்டும். சக்கரங்களை முதலில் மாட்டிவிட்டால் சங்கிலியை மேலே ஏற்ற இடம் இராது. கேம் தண்டை இம்மி திருப்பினால் கீயும் பள்ளமும் பொருந்தும்.

இரு சக்கரங்களும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று நேரான இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்ப்பது அடுத்த வேலை. வேறுபாடு இருந்தால் கிராங்க் தண்டுச் சக்கரத்தின் பின்னே மெல்லிய வளையத் தகடுகளை வைத்துச் சரிசெய்வர். கேம் தண்டின் நட்டை முறுக்கி, அதன் பூட்டுத் தகட்டை மடக்க வேண்டும். முன்னே எண்ணெய் வீசும் தகட்டை மறவாமல் மாட்ட வேண்டும். மூடியைப் போடுமுன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். புள்ளிகள் மீண்டும் சந்தித்தால் வேலை சரி. நடுவில் எங்காவது இடித்தால் பலம் காட்டக் கூடாது. நிறுத்திக் காரணம் தேட வேண்டும்.

சங்கிலி ஒரே ஒரு பல் தவறினால் என்ன குடி முழுகிப்போய்விடும் என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய சக்கரத்துக்கு 20 பற்கள் என்று கொள்வோம். முழு வட்டம் 360 பாகை. அப்படியானால் ஒரு பல்லுக்கு 18 பாகை. மோரிஸ் மைனரில் இந்த எஞ்சினின் காற்று நுழையும் வால்வு, பிஸ்டன் உச்சியை அடைய 5 பாகை இருக்கும்போதே திறக்கத் தொடங்க வேண்டும். பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பி 45 பாகை கடந்த பிறகு மூட வேண்டும். ஒரு பல் பின்தங்கினால் அது உச்சியைக் கடந்து 13 பாகைக்குப் பின்தான் திறக்கும். அடிமட்டம் கடந்து 63 பாகைவரை மூடாது. அதற்குள் மேலேறும் பிஸ்டன், உள்ளே இழுத்த கலவையில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். அழுத்தம் குறையும். எஞ்சின் எளிதில் உயிர் பெறாது, மேட்டில் மூச்சு வாங்கும், பெட்ரோலைக் குடிக்கும்.

எஞ்சின் நின்றுவிட்டால் குற்றம் தெரிந்துவிடும். இப்படி அரைகுறையாக ஓடும்போதுதான் பெரும் செலவு. கார்புரேட்டரை மாற்றுவர், பிளக்கை மாற்றுவர், காயிலை மாற்றுவர். மூடிக்குள்ளே இருக்கும் புள்ளியை எவரும் நினைப்பதில்லை. வேறு சில எஞ்சின்களில் நிலைமை இன்னும் கடுமை. நேரம் வெகுவாகத் தவறினால், திறந்த வால்வின்மேல் பிஸ்டன் மோதும், வால்வு வளையும். அதனால்தான் கையால் சுற்றிப் பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது என்கிறோம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். முதல் பிஸ்டன் ஒரு சுற்று வேலைக்குள் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒரு முறை தீப்பொறிக்காக. மற்றொரு முறை புகையைத் தள்ளி முடித்து. பிஸ்டனை மட்டும் பார்த்தால் இது எந்த உச்சி என்று தெரியாது. வால்வுகளைப் பார்த்தால் தெரியும். இந்த எஞ்சினில் தீப்பொறி வரிசை 1, 3, 4, 2. நான்காவது சிலிண்டரில் ஒரு வால்வு மூடும்போதே மற்றது திறக்கத் தொடங்கினால், முதல் சிலிண்டர் தீப்பொறிக்குக் காத்திருக்கிறது என்று பொருள். டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டும்போது இதைப் பார்க்காவிட்டால், சங்கிலி சரியாக இருந்தும் வண்டி கிளம்பாது.

சங்கிலி நீண்டுவிட்டது என்று பட்டறையில் சொல்வதுண்டு. உண்மையில் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கணுவிலும் ஊசியும் குழாயும் சிறிது தேய்கின்றன. கணுக்கள் பல சேரும்போது அது நீளமாகத் தெரிகிறது. அப்போது கேம் தண்டு மெல்லப் பின்தங்கும். முன்பக்கத்தில் கலகல என்று ஓசை எழும். புதுப்பிக்கும் எஞ்சினில் சங்கிலியை மட்டும் புதிதாக்கித் தேய்ந்த சக்கரங்களை வைப்பது சிக்கனமாகாது. தேய்ந்த பற்கள் புதுச் சங்கிலியையும் விரைவில் தேய்த்துவிடும்.

சங்கிலிக்குப் போட்டியும் வந்தது. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார், பல் வைத்த ரப்பர் வாருடன் விற்பனைக்கு வந்தது. எண்ணெய் வேண்டாம், ஓசை குறைவு, விலையும் மலிவு. எனவே அந்த முறை பரவியது. 1985இல் வெளிவந்த நம் நாட்டின் புரோட்டோன் சாகாவிலும் வாரே இருந்தது. ஆனால் வாரைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். தவறினால் ஓடும்போதே அறுந்துவிடும். பின்னர் பல நிறுவனங்கள் மீண்டும் சங்கிலிக்குத் திரும்பின. 2005இல் வந்த பெரோடுவா மைவியின் எஞ்சினிலும் சங்கிலிதான். பொருள் மாறியது, மீண்டும் மாறியது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் இளைஞர் பலருக்குப் பட்டறைத் தொழில் சோறு போட்டிருக்கிறது. அவர்களில் பலர் ஏட்டில் படித்தவர்கள் அல்லர். பக்கத்தில் நின்று பார்த்துப் படித்தவர்கள். புள்ளிக்குப் புள்ளி வை என்று மூத்தவர் சொல்வார், இளையவர் வைப்பார். அது நல்ல தொடக்கம். ஆனால் எல்லா எஞ்சினிலும் புள்ளிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலவற்றில் சங்கிலியில் நிறமிட்ட கணுக்கள் உண்டு. சிலவற்றில் குறி மூடியின் ஓரத்தில் இருக்கும். சிலவற்றில் துருவேறி அழிந்தே போயிருக்கும். அப்போது கைகொடுப்பது, புள்ளி ஏன் அங்கே வைக்கப்பட்டது என்ற அறிவு. அந்தப் புள்ளியைப் பொறித்தவன் தன் கணக்கையெல்லாம் அதில் அடக்கி வைத்தான். கணக்கை அறிந்தவனுக்குப் புள்ளி அழிந்தாலும் வழி தெரியும்.

ஆகவே பட்டறைக்குப் போகும் பிள்ளைக்குப் பெற்றோர் ஒன்று சொல்லி அனுப்பலாம். எப்படி என்று கேட்டுக்கொள். அத்தோடு நில்லாமல் ஏன் என்றும் கேட்டுக்கொள். முன்னதைக் கற்றவனுக்கு ஒரு வண்டி தெரியும். பின்னதையும் கற்றவனுக்கு இனி வரப்போகும் வண்டிகளும் தெரியும்.