கலீபாவின் கடிதமும் பேராயர் லியோவும்

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரின் எளிய இல்லமொன்றில் லியோ என்னும் அறிஞர் மாணவர்களுக்குக் கணிதம் போதித்து வந்தார். ஆந்த்ரோஸ் தீவின் மடாலயங்களில் ஏடுகளைத் தேடிப் பயின்றவர் அவர். அவரது அருமையைச் சொந்த நாட்டு அரண்மனை அறிந்திருக்கவில்லை. அறியச் செய்தவர் பக்தாதின் கலீபா மஃமூன் அவர்களே!

லியோவின் மாணவரொருவர் போரில் சிறைப்பட்டு அடிமையானார். அவரது கணிதத் திறன் கலீபாவின் செவிக்கு எட்டியது. சபைக்கு வரவழைக்கப்பட்ட அவர், யூக்ளிடின் வடிவங்களுக்குரிய காரணங்களை விளக்கினாராம். அங்கிருந்தோர் வடிவங்களின் பெயர்களை மட்டுமே அறிந்திருந்தனராம். இவ்வாறு எழுதுபவர், ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த, பெயர் தெரியாத ஒரு கிரேக்க வரலாற்றாசிரியர். அல்குவாரிஸ்மீ வாழ்ந்த பக்தாதைப் பற்றியா இப்படி? யூக்ளிடின் நூலை ஹஜ்ஜாஜ் இப்னு மதர் ஹாரூன் ரஷீத் காலத்தில் ஒருமுறையும், மஃமூன் காலத்தில் மறுமுறையும் அரபியாக்கியிருந்தார். தன்னினப் பெருமை பேசும் இவ்வரிகளை அப்படியே ஏற்பதற்கில்லை.

ஆயினும் அவர் மறைக்காது கூறும் செய்தி ஒன்றுண்டு. லியோவை அழைத்துக் கலீபா கடிதம் அனுப்பினார். பகையரசரின் மடல் தம் கையில் அகப்பட்டால் ஆபத்தென்றஞ்சிய லியோ, அதனை அமைச்சரிடம் ஒப்படைத்தார். அதன் பின்னரே பேரரசர் தியோபிலோஸ் தம் தலைநகரில் இப்படியொருவர் இருப்பதை அறிந்து, அவர் பொதுமக்களுக்குப் போதிக்க ஏற்பாடு செய்தார்.

லியோ வாராதபோது, வடிவியலிலும் வானியலிலும் கடினமான வினாக்களை எழுதியனுப்பினார் கலீபா. விடைகள் வந்தன. வியந்த கலீபா, லியோவைச் சிறிது காலத்திற்கு அனுப்பினால் இரண்டாயிரம் இராத்தல் பொன்னும் நிரந்தர சமாதானமும் தருவதாகப் பேரரசருக்கே எழுதினார். தியோபிலோஸ் மறுத்துவிட்டார்.

தியோபிலோஸ் அரியணை ஏறியது 829இல். மஃமூன் மறைந்தது 833இல் (ஹிஜ்ரி 218). எனவே நிகழ்ச்சி இந்நான்காண்டுகளுக்குள் அடங்கவேண்டும். மாணவர் 838இல் அமோரியம் வீழ்ந்தபோது பிடிபட்டவர் என்னும் மற்றொரு கூற்று பொருந்தாது. 830 முதல் கலீபாவின் படைகள் ரோம எல்லையில் போரிட்டன. அப்படையெடுப்பின்போதே அவர் இறந்து தர்ஸூஸில் அடக்கப்பட்டார். கடிதப் போக்குவரத்து உண்மையாயின், வாள்கள் மோதிய அதே ஆண்டுகளில்தான் அவ்வினாக்களும் எல்லை கடந்திருக்க வேண்டும்.

லியோ 840இல் தெசலோனிக்கா நகரப் பேராயரானார். உருவ வழிபாட்டை எதிர்த்த தரப்பைச் சார்ந்திருந்தமையால், 843இல் உருவ வழிபாடு மீண்டபோது பதவியிழந்தார். பின்னர் மக்னவுரா அரண்மனைக் கல்விக்கூடத்தில் மீண்டும் ஆசிரியரானார். கலீபாவுக்கு அவர் எழுதிய விடைகளுள் ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை.