சாவகச்சேரிக்குச் சுமந்து சென்ற கோவை

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு வெளியேறுமாறு ஒலிபெருக்கிகள் அறிவித்தன. கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரி நோக்கி நகர்ந்த இலட்சக்கணக்கானோரில் நானும் ஒருவன். அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீட மாணவன். சைக்கிளில் அரிசியும் பாயும் இருந்தன. சட்டைக்குள், பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கோவை இருந்தது: பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம்.

தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் எங்களோடு தங்கியிருந்த நண்பனின் கோவை வழியில் தொலைந்துபோயிற்று. தான் படித்தவன் என்பதை நிரூபிக்க அவன் பின்னர் இரண்டு ஆண்டுகள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தான்.

1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் திருநெல்வேலியில் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமான நிறுவனம் எங்களுடையது. அக்காலத்தில் பதிவாளர் அலுவலகம் என்றால் பேரேடு, கோவை, தட்டச்சு இயந்திரம் என்பனவே. வெளியுலக அலுவலகங்களில் கணினி புகுந்துகொண்டிருந்த தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கொழும்பு செல்லக் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பம் இங்கு பிந்தி வந்ததற்குக் காரணம் ஆர்வமின்மை அன்று.

ஒற்றைப் பிரதியின் ஆபத்தை நாம் முன்னரே கண்டவர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள், வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. 1995இல் எங்களுக்கு அடைக்கலம் தந்த சாவகச்சேரியும் தப்பவில்லை. 2000ஆம் ஆண்டுப் போரில் அந்நகரே இடிபாடாயிற்று. அன்று எங்களுக்குக் கதவு திறந்தவர்கள் இம்முறை தாமே மூட்டைகளுடன் வெளியேறினர். அவர்களுடைய உறுதிகளும் சான்றிதழ்களும் எத்தனை வீடுகளோடு மண்ணாகினவோ!

இன்று பரீட்சைப் பெறுபேறு இணையத்தில் வெளிவருகின்றது. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பமும் இணையவழியே நிரப்பப்படுகின்றது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் பட்டதாரி ஒரு சான்றுக்காக ஊரிலுள்ள உறவினரை வரிசையில் நிற்கவைக்கும் நிலை குறைந்து வருவது நல்லதே. ஆயினும், கணினிமயமாக்கலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேகத்தையே பேசுகின்றனர். எம்மைப் போன்றோருக்கு அதன் முதற்பயன் வேகமன்று. வேறோர் ஊரில் இருக்கும் இரண்டாவது பிரதி. ஒரே கட்டடத்தின் ஒரே அறையில் வைத்த கணினி, பழைய இரும்பு அலுமாரியை விடப் பாதுகாப்பானதன்று.

ஆகவே நிர்வாகிகளிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: நாளை அந்தக் கட்டடம் இல்லாமற் போனால், அங்கே படித்த பிள்ளையின் பட்டம் எஞ்சுமா? ஆம் என்று அவர்கள் சொல்லும் நாளில், என் பொலித்தீன் பையை நான் தூக்கி எறிவேன். அது இன்னும் அலுமாரியில்தான் இருக்கின்றது.