டி செல் ஏற்பி

ஏற்பி (பெயர்ச்சொல்): தனக்குப் பொருந்தும் மூலக்கூற்றைப் பற்றிக்கொண்டு செல்லுக்குச் சைகை தரும் புரதம். 'ஏல்' என்ற வினையடியில் பிறந்த 'ஏற்பு' என்பதோடு 'இ' விகுதி சேர்ந்த சொல். கடத்தி, வழிகாட்டி ஆகியவற்றிலும் இவ்விகுதியே. இதற்கு இணையான 'ரிசெப்டர்' என்ற சொல்லை 1900-இல் மருத்துவ வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக். 'டி செல்' என்பதிலுள்ள 'டி' தைமஸ் சுரப்பியைக் குறிக்கும். நெஞ்செலும்புக்குப் பின்னுள்ள அச்சுரப்பியில்தான் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்கள் முதிர்கின்றன.

பெரும்பாலான டி செல் ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு சங்கிலிகளால் ஆனவை. செல்கள் தம்முள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை எச்.எல்.ஏ மூலக்கூற்றில் ஏந்தி வெளியே காட்டும். அதை ஏற்பி இனங்காணும். எனவே செல்லுக்குள் ஒளிந்திருக்கும் புற்றுநோய்ப் புரதமும் அதற்குத் தப்பாது. நோயாளியின் டி செல்களை எடுத்து, தேர்ந்த ஏற்பியின் மரபணுவைப் புகுத்தி, பெருக்கி, மீண்டும் உடலில் ஏற்றுவதே இதைப் பயன்படுத்தும் புற்றுநோய்ச் சிகிச்சை.

இதில் துல்லியம் உயிர்ப் பிரச்சினை. மேஜ்-ஏ3 என்னும் புற்றுநோய்ப் புரதத்தைப் பற்றுவதற்காகப் பிடிப்பு கூட்டப்பட்ட ஓர் ஏற்பி, இதயத் தசையின் டைட்டின் புரதத்தையும் பற்றியதால் நோயாளிகள் இருவர் இறந்தனர். மேஜ்-ஏ4 புரதத்தை இலக்காகக் கொண்ட ஏற்பிச் சிகிச்சைக்கு, சைனோவியல் சர்கோமா என்னும் மென்திசுப் புற்றுநோய்க்காக, அமெரிக்கா 2024 ஆகஸ்டில் அனுமதி அளித்தது.