20,283 பெட்டி அபினி: பறிமுதல் செய்த சீனாவே நஷ்டஈடு கட்டியது ஏன்?

கடத்தல் சரக்கைப் பிடித்த நாடே அதற்கு நஷ்டஈடும் கட்டினால்? 1839-ல் பிடிபட்ட அபினிக்காகச் சீனா அப்படித்தான் பணம் கட்டியது. சரக்கில் பெரும்பகுதி இந்தியாவில் விளைந்தது. அதையொட்டி மூண்ட போரில் மெட்ராஸ் படைச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

அபினி யாருடையது?

பாட்னா, காசி வட்டாரங்களில் கிழக்கிந்திய கம்பெனி அபினி தயாரித்தது. கல்கத்தாவில் ஏலம் விட்டதோடு கம்பெனி ஒதுங்கிக்கொள்ளும். சீனாவில் அபினிக்குத் தடை இருந்ததால், அங்கே கடத்தி விற்றது தனியார் வியாபாரிகள்தான்.

எப்படிப் பிடித்தார்கள்?

1839 மார்ச்சில் கான்டன் துறைமுகத்துக்கு வந்தார், பேரரசரின் சிறப்பு ஆணையர் லின் சேசு. இருக்கிற அபினி மொத்தத்தையும் ஒப்படைக்கச் சொன்னார். வெளிநாட்டு வியாபாரிகள் தங்கியிருந்த பகுதியை வீரர்கள் சுற்றி வளைத்தார்கள்.

திருப்பம் எங்கே?

பிரிட்டனின் வர்த்தகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட், மார்ச் 27-ல் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அபினியைத் தன்னிடம் கொடுத்தால் பிரிட்டிஷ் அரசு பொறுப்பேற்கும் என்றார். அதுவரை வியாபாரிகளின் கள்ளச்சரக்காக இருந்தது, ஒரே நாளில் பிரிட்டிஷ் அரசின் விவகாரமாகிவிட்டது.

எலியட் ஒப்படைக்க ஒப்புக்கொண்டது 20,283 பெட்டிகள். ஜூன் 3 முதல் ஹூமெனில் பள்ளம் வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்து, லின் கடலில் விட்டார்.

பணம் யார் கொடுப்பது?

எலியட்டின் வாக்கை நம்பிய வியாபாரிகள் சுமார் 20 லட்சம் பவுண்டு கேட்டார்கள். தன் கஜானாவிலிருந்து கொடுக்க லண்டனுக்கு மனமில்லை. சீனாவிடமே வசூலிக்கலாம் என்று படை அனுப்பினார் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன். 1840 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் அரசைக் கண்டித்து வந்த தீர்மானம் வெறும் 9 வாக்கில் தோற்றது.

மெட்ராஸ் சிப்பாய்கள்

போருக்குப் போனவர்களில் 37-வது மெட்ராஸ் காலாட்படையும் ஒன்று. 1841 மே 30 அன்று கான்டன் அருகே சான்யுவான்லியில் அதன் ஒரு பிரிவு கொட்டும் மழையில் தனியாக மாட்டிக்கொண்டது. துப்பாக்கிகள் நனைந்து சுட முடியவில்லை. ஊர்மக்கள் ஈட்டிகளோடு சூழ்ந்துகொள்ள, பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் தேடி வந்து மீட்டார்கள்.

முடிவு என்ன?

1842 ஆகஸ்ட் 29-ல் நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது. சீனா 2.1 கோடி வெள்ளி டாலர் கொடுக்க வேண்டும். அதில் 60 லட்சம், அழித்த அபினிக்கான விலை. ஹாங்காங் தீவும் கைவிட்டுப் போனது.

ஆனால் அபினி விற்பனையை அந்த ஒப்பந்தம் சட்டபூர்வமாக்கவில்லை. சீனா அதை வரி விதித்து அனுமதித்தது 1858-ல்தான். அதாவது, விலை கொடுத்த பிறகும் அந்தச் சரக்கு சீனச் சட்டப்படி கடத்தல் சரக்குதான்.