பதிவேட்டில் ஏறாத கைகள்: சேலம், நாமக்கல் சமவெளியின் நீவு வைத்தியமும் அரசுக் கட்டுப்பாட்டுக்கு எழுந்த எதிர்ப்பும்

வைத்தியத் தொழிலில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்று தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சிக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அதில் மனு எழுதியவர்களும் சபை கூட்டியவர்களும் கமிட்டிக்குச் சாட்சியம் கொடுத்தவர்களும் பெரும்பாலும் ஏடும் மருந்துப் பெட்டியும் உடையவர்கள். சுளுக்கு எடுப்பவர், எலும்பு கட்டுபவர், பிள்ளைக்கு உரம் எடுக்கும் கிழவி, நாவிதர், மருத்துவச்சி என்று கையையும் ஒரு கிண்ணம் எண்ணெயையும் நம்பித் தொழில் செய்தவர்களுக்கு அந்த மேடையில் இடம் இருக்கவில்லை. கட்டுப்பாடு வந்தபோது முதலில் ஓரம் போனவர்கள் இவர்கள்தான். எதிர்ப்பாகத் தொடங்கிய அந்த இயக்கமும் பத்தாண்டுக்குள் "எங்களையும் பதிவு செய்யுங்கள்" என்ற கோரிக்கையாக மாறிவிட்டது. இந்த இரண்டு போக்குகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. வைத்திய வழக்கத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது. கஞ்சமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையில் கிடக்கும் இந்தச் சமவெளி உடம்பை முறிக்கும் வேலைகளால் நிறைந்தது. சிவதாபுரம் பக்கம் கொலுசுக்குப் பற்றவைக்கக் குனிந்தே உட்கார்ந்திருப்பவர், இளம்பிள்ளைத் தறிக்காரர், பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியோடு வடமாநிலம் போகும் ஆள், நாமக்கல் லாரி டிரைவர் என எல்லோருக்கும் கழுத்தோ முதுகோ என்றைக்காவது பிடித்துக்கொள்ளும். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னால் நீவிவிடும் கையைத் தேடுவது இங்கே பழக்கம்.

அந்தக் கையின் தகுதியை எந்தப் பதிவேட்டில் எப்படி எழுதுவது? காலால் பிறந்தவர் மிதித்துவிட்டால் சுளுக்கு போகும் என்பது ஊர் நம்பிக்கை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினாலும் போகும். கழுத்துச் சுளுக்கு என்றால் படுக்கவைத்து உலக்கையை உருட்டுவார்கள். கைப்பிள்ளை விடாமல் அழுது, கழுத்தைத் திருப்பமாட்டேன் என்று அடம்பிடித்தால் உரம் விழுந்துவிட்டது என்பார்கள். துணியின் இரு தலைப்பையும் இருவர் பிடித்துக்கொள்ள, நடுவில் பிள்ளையைக் கிடத்தி இப்படியும் அப்படியுமாக உருட்டிவிடுவாள் கிழவி. இதற்குக் கூலி என்று எதையும் கேட்டு வாங்குவதில்லை. வெற்றிலை பாக்கோடு கொடுப்பதுதான். எலும்பு கட்டுபவர் கதை வேறு. அவருக்கு மூங்கில் பட்டை, முட்டை வெள்ளை, துணிக்கட்டு, வாசலில் பெயின்ட் அடித்த பலகை, வாரத்தில் குறிப்பிட்ட நாள் என்று எல்லாம் உண்டு. அதனாலேயே அதிகாரியின் கண்ணில் முதலில் படுபவரும் அவரே.

கொங்குப் பகுதியில் நாவிதரைக் குடிமகன் என்பது மரபு. கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துச் சொல்வது அவர் உரிமை. ஊரின் கட்டியைக் கீறுவதும் புண்ணைக் கழுவுவதும் அவர் வேலையாக இருந்தது. அவர் வீட்டுப் பெண்ணே பிரசவம் பார்த்தாள். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளும் நாவிதர்களின் அறுவை வைத்தியத்தையும் அவர்கள் வீட்டுப் பெண்களின் பேறுகாலப் பணியையும் பதிவு செய்கின்றன. தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இச்சமூகத்தின் பெயர்களில் ஒன்றாக "மருத்துவர்" இன்றும் இருக்கிறது. சாதிப் பட்டியலில் மருத்துவராக இருப்பவர் மருத்துவப் பட்டியலில் இல்லாமல் போனது எப்படி என்பதற்கு 1914-இலிருந்து தொடங்க வேண்டும்.

மனுவிலிருந்து பதிவேட்டுக்கு

பம்பாய் 1912-இல் மருத்துவப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. சென்னை மாகாணம் 1914-இல் பின்தொடர்ந்தது. அச்சட்டம் நாட்டு வைத்தியர் யாரையும் தொழில் செய்யாதே என்று தடுக்கவில்லை. மேல்நாட்டு மருத்துவம் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு பதிவேடு திறந்தது. சட்டத்துக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ் தரும் உரிமையை அவர்களுக்கு ஒதுக்கியது. தடை இல்லையே, எதற்குக் கூச்சல் என்று அரசுத் தரப்பு கேட்கலாம். ஆனால் ஒருவருக்கு முத்திரை கொடுத்தால் முத்திரை இல்லாதவர் யார் என்ற கேள்வி தானாகவே எழும். வைத்தியர்கள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

1918-இல் நாட்டு மருந்துகளை ஆராய டாக்டர் எம்.சி. கோமனை அரசு நியமித்தது. அவருடைய அறிக்கை நாட்டு வைத்திய முறைகளைக் குறைத்து மதிப்பிட்டது. திராவிட வைத்திய மண்டலமும் சென்னை ஆயுர்வேத சபையும் சேர்ந்து 1921-இல் மறுப்பு வெளியிட்டன. அதே ஆண்டில் முகமது உஸ்மான் தலைமையில் கமிட்டி அமைந்தது, கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். 1923-இல் வந்த அதன் அறிக்கை நாட்டு வைத்தியத்துக்கு அரசு ஆதரவும் கல்லூரியும் பதிவும் வேண்டும் என்றது. பதிவுச் சட்டத்தை எதிர்த்து எழுந்த குரல் ஒன்பது ஆண்டில் பதிவைக் கேட்கும் குரலாகிவிட்டது. 1924-இல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி உருவானது. சீனிவாசமூர்த்தியே அதன் முதல்வர்.

இதைக் கொள்கைத் துரோகம் என்று சொல்லிவிட முடியாது. அரசு ஒரு முறையை மட்டும் அங்கீகரித்தால், தானும் உள்ளே போவதா அல்லது வெளியே நின்று தேய்வதா என்ற இரண்டே வழிதான் மற்ற முறைக்கு மிஞ்சும். ஆனால் உள்ளே போவதற்கு ஒரு விலை இருந்தது. எங்கள் வைத்தியம் சாஸ்திரம் என்று நிரூபிக்க வேண்டும். சாஸ்திரம் என்றால் நூல் வேண்டும், தத்துவம் வேண்டும், பாடத்திட்டம் வேண்டும். அறுவை வைத்தியம் நாவிதர் கைக்குப் போய்ச் சீரழிந்துவிட்டது என்று மறுமலர்ச்சி பேசியவர்கள் பலர் சொன்னார்கள். உடம்பைத் தொடுவதையே தீட்டு என்று ஒதுக்கியது யார் என்பதை அந்த வாதம் கேட்டுக்கொள்ளவில்லை. தொட்டு வைத்தியம் பார்த்தவர்களே அந்தத் தேர்வில் தோற்றவர்களானார்கள். இதே காலத்தில் நாவிதர் சங்கங்கள் மருத்துவ மரபைத் தம் சமூகப் பெருமையாக முன்வைத்தன என்பது தற்செயல் அல்ல.

பெண்களின் கை இன்னும் சத்தமில்லாமல் விலக்கப்பட்டது. 1926-இன் சென்னை செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் பேறுகாலப் பணியைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. கிராமத்துக்கு அதன் முழு வீச்சு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு ஆஸ்பத்திரியும் பெருகப் பெருக, மருத்துவச்சியிடமிருந்து பிரசவம் போயிற்று. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் கை கால் நீவிக் குளிப்பாட்டுவதும் பெற்றவளுக்கு இடுப்புக்கு வெந்நீர் ஊற்றுவதும் மட்டும் அவளிடம் மிஞ்சின. இந்த இழப்பை எதிர்த்து வைத்திய சபைகள் கிளர்ச்சி எதுவும் செய்யவில்லை. இதில் குழந்தையும் தாயும் பிழைத்த கணக்கு மருத்துவச்சியின் நஷ்டத்தைவிடப் பெரியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் 1956-இல் ஒருங்கிணைந்த மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. பின்னர் கல்லூரியான அந்தச் சென்னை இந்திய மருத்துவப் பள்ளி இருந்த வளாகத்தில் 1960-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி எழுந்தது. சித்த மருத்துவத்துக்கு 1964-இல் பாளையங்கோட்டையில் கல்லூரி கிடைத்தது. இந்திய மருத்துவத்துக்கான 1970-இன் மத்திய சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒரு வேடிக்கை இருந்தது. இந்திய மருத்துவத்துக்குப் பதிவேடு இல்லாத மாநிலத்தில் ஐந்தாண்டுக்குக் குறையாமல் தொழில் செய்தவர்களின் உரிமையை அது காப்பாற்றியது. பதிவேடு முன்கூட்டியே வைத்திருந்த மாநிலத்தில், அதில் ஏறாமல் இருந்த பரம்பரை வைத்தியருக்கு அந்தச் சலுகை எட்டவில்லை. பதிவை முதலில் கேட்டு வாங்கிய ஊருக்கு இப்படி ஒரு பலன்.

கை உள்ளே, கைக்காரர் வெளியே

சித்த மருத்துவம் புறமருத்துவ முறைகளை முப்பத்திரண்டாக வகுக்கும். அவற்றில் ஒன்றான தொக்கணத்துக்குத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலாக ஒன்பது வகை. இன்று இது பட்டப்படிப்பில் பாடம். புறமருத்துவம் மேற்படிப்புத் துறை. சேலம் தும்பாதுலிப்பட்டியில் உள்ள சிவராஜ் சித்த மருத்துவக் கல்லூரி, பரம்பரை வைத்தியம் பட்டக் கல்வியாக மாறியதற்கு இப்பகுதியிலேயே உள்ள உதாரணம். அரசு சித்தப் பிரிவுகளில் எண்ணெய் தேய்த்துவிட ஆண், பெண் சிகிச்சை உதவியாளர் பணியிடங்கள் உண்டு. அதற்கு டிப்ளமோ கேட்கிறார்கள். ஆக, கையின் அறிவு நிறுவனத்துக்குள் வந்துவிட்டது. அதைக் காத்துவந்த குடும்பங்கள் வர வழி கிடைக்கவில்லை. ஊரில் அவர்கள் பெயர் வைத்தியர். மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் போலி மருத்துவர் வேட்டைக்குக் கிளம்பினால் அவர்கள் பெயர் வேறு.

பரம்பரையை மட்டும் காட்டி உள்ளே வரும் வாசலை 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அடைத்தது. கேரளப் பரம்பரை வைத்தியர்களின் அமைப்பு, 1953-இன் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவர் சட்டத்தை முன்வைத்து, பட்டமில்லாத பரம்பரையாளருக்கும் தொழில் உரிமை கேட்டிருந்தது. தகுதியும் பதிவும் இல்லாதவர் வைத்தியம் பார்க்க முடியாது என்று நீதிபதிகள் ஆர்.கே. அகர்வால், மோகன் சந்தானகௌடர் அமர்வு கூறியது. வழக்கு கேரளத்தினுடையது என்றாலும் அதன் நிழல் இங்கேயும் விழுகிறது.

தீர்ப்பில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். இறுக்கிக் கட்டிய மூங்கில் பட்டையால் ரத்த ஓட்டம் நின்று, விரல் மடங்கியே போன பிள்ளைகளை எலும்பு மருத்துவர்கள் அறிவார்கள். உரம் எடுக்கிறேன் என்று கைப்பிள்ளையை உலுக்குவது ஆபத்து. ஆனால் கால் பிசகியவருக்கு எண்ணெய் போட்டு நீவுவதையும் உடைந்த எலும்பைக் கட்டுவதையும் ஒரே குற்றமாகப் பார்க்கும் சட்டம், இரண்டில் எதையும் சரியாகக் கண்காணிக்காது.

இலங்கை வேறு வழியில் போனது. 1961-இன் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பொது வைத்தியரோடு, குறிப்பிட்ட ஒரு துறையை மட்டும் பார்க்கும் பாரம்பரிய வைத்தியரையும் பதிவு செய்ய இடம் இருந்தது. யாழ்ப்பாணத்தார் முறிவு தறிவு வைத்தியம் என்று சொல்வது அப்படிப்பட்ட துறை. எல்லையைக் குறித்துக் கொடுத்து உள்ளே சேர்ப்பது நடக்கக்கூடிய காரியம்தான்.

இங்கிலாந்தின் அனுபவமும் நினைக்கத் தக்கது. 1894-இல் லண்டன் மசாஜ் நிலையங்கள் விபசார விடுதிகள் என்று மருத்துவப் பத்திரிகை எழுதியதும், செவிலியர் சிலர் அரசுக்காகக் காத்திராமல் தாங்களே சங்கம் அமைத்துத் தேர்வு வைத்தார்கள். மருத்துவர் சொல்லாமல் மசாஜ் செய்வதில்லை, ஆண்களுக்குப் பொது மசாஜ் இல்லை என்பவை அவர்கள் விதிகள். 1920-இல் அரச சாசனம் பெற்ற அந்தச் சங்கமே இன்றைய இயன்முறை மருத்துவத் தொழிலின் தாய்வீடு. விதியைத் தொழில் செய்பவர்களே எழுதிக்கொண்டதால் அரசுக்கு வேலை குறைந்தது. அந்த விதி பெரும்பாலும் படித்த நடுத்தரப் பெண்களுக்கே பொருந்தியது என்பது அதன் மறுபக்கம்.

ஸ்பாவும் காவல்துறையும்

இரண்டாயிரத்துக்குப் பின் கட்டுப்பாட்டின் முகம் மாறியது. சென்னையிலும் கோவையிலும் பிறகு சேலம் போன்ற நகரங்களிலும் ஸ்பாக்கள் வந்தன. வைத்தியம் அல்ல, ஓய்வு என்பதே அவர்கள் விளம்பரம். அதனால் மருத்துவச் சட்டம் அவர்களைத் தொடவில்லை. உள்ளாட்சித் தொழில் உரிமமும் 1956-இன் ஒழுக்கக்கேடு தடுப்புச் சட்டமும்தான் அவர்களைப் பிடித்தன. எதிர்ப்பும் மனுவிலிருந்து ரிட் வழக்குக்கு மாறியது.

டெல்லி அரசு 2021 ஆகஸ்டில், ஆணுக்குப் பெண்ணோ பெண்ணுக்கு ஆணோ மசாஜ் செய்யக் கூடாது என்றது. டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. அதே டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், தமிழ்நாட்டு ஸ்பாக்களில் சி.சி.டி.வி. கேமரா பொருத்த உத்தரவிட்டார். இரண்டு வாரம் கழித்து, 2022 ஜனவரியில், திருச்சியில் ஸ்பா நடத்தத் தடையின்மைச் சான்று கேட்டு ஒருவர் போட்ட வழக்கில் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதற்கு எதிரான முடிவுக்கு வந்தார். மசாஜ் அறைக்குள் கேமரா வைப்பது ஒருவர் தம் உடல்மீது கொண்ட உரிமையை மீறும், தவறு நடக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் அதற்குப் போதாது, அப்படிக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் சட்டமன்றம் சட்டம் செய்யட்டும் என்பது அவர் வாதம். அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்ற 2017-இன் புட்டசாமி தீர்ப்பு அதற்கு அடிப்படை.

இந்த வழக்குகளைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. வாதி உரிமையாளர், பிரதிவாதி காவல்துறை, அந்தரங்கம் வாடிக்கையாளருடையது. எண்ணெய் தேய்க்கும் பெண்ணின் சம்பளம், வேலை நேரம், தொந்தரவு செய்பவனை மறுக்கும் அவள் உரிமை ஆகியவை ஓரத்திலேயே நிற்கின்றன. ரெய்டு நடந்தால் மீட்கப்பட்டவள் என்ற பெயரில் காப்பகத்துக்கு அழைத்துச் செல்லப்படுபவளும் அவள்தான். 1921-இல் சபைகள் பேசிய மொழியில் நாவிதருக்கு என்ன இடமோ, அதே இடம் இந்த ரிட் மனுக்களில் இவளுக்கு.

நடுவில் ஒரு மெல்லிய வழி திறந்திருக்கிறது. இந்தியத் தரக் குழுமம் பாரம்பரியச் சமூக வைத்தியர்களுக்கு விருப்பச் சான்றிதழ்த் திட்டம் ஒன்றை நடத்துகிறது. எலும்பு கட்டுதல் அதில் ஒரு பிரிவு. பட்டம் கேட்காமல், ஊரார் சொல்லையும் செய்முறைத் திறமையையும் வைத்து மதிப்பிடுவது அதன் போக்கு. நூறாண்டில் கையையே நேராகச் சோதித்துப் பார்க்க முன்வந்த ஏற்பாடுகளில் இது குறிப்பிடத்தக்கது. ஆனால் அந்தச் சான்றிதழ் வைத்தியம் பார்க்கும் சட்ட உரிமையைத் தருவதில்லை. சுவரில் மாட்டிவைத்தாலும் வேட்டைக்கு வரும் அதிகாரி மாநிலப் பதிவு எண்ணைத்தான் கேட்பார்.