பல் மேல் விழுந்த பழி

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு பாலாறு தெரிந்திருக்கும். சோதனைச் சாவடியைத் தாண்டினால் கர்நாடகம், பழைய மைசூர் மாவட்டம் (1997-லிருந்து சாமராஜநகர்). இந்தப் பக்கம் 'ஒற்றைத் தலைவலி' என்பதை அந்தப் பக்கம் 'அரெதலெநோவு' என்பார்கள். பாதித் தலை நோவு என்று பொருள். மைக்ரேன் என்ற சொல்லும் 'பாதி மண்டை' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

எல்லாப் பெயரிலும் தலை இருக்கிறது பாருங்கள், வம்பு அங்கேதான். இதே நோய் சிலருக்குக் கன்னத்தில், தாடையில், பல்லில் வரும். அப்போது பழி பல் மேல் விழும். எங்கள் பாங்க் பாஷையில் சொன்னால், தப்பான கணக்கில் எழுதிய பற்று!

கன்னமும் தாடையும் வலிப்பதை அந்தக் காலத்து வைத்தியர்கள் கவனிக்காமல் இல்லை. சுஸ்ருத சம்ஹிதை சொல்லும் பதினொரு தலை நோய்களில் 'அனந்தவாதம்' ஒன்று. பிடரியில் தொடங்கி கண், புருவம், பொட்டு என்று பரவி, கன்னம் துடித்து, தாடை இறுகும் என்கிறது.

1677-ல் பாரிஸில் இங்கிலாந்து தூதரின் மனைவிக்குத் தாங்க முடியாத முக வலி. பல்லைப் பிடுங்கியும் தீரவில்லை. வைத்தியம் பார்க்க வந்தவர் ஜான் லாக். ஆமாம், தத்துவ மேதை லாக்தான், அவர் டாக்டரும்கூட! அந்த அம்மாளுக்கு இருந்தது முக நரம்பு வலி என்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள். அது மின்சாரம் பாய்ந்தாற்போல் சில நொடிகள் வெட்டி இழுக்கும். மைக்ரேன் வேறு: 4 மணி முதல் 72 மணி நேரம் வரை விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது.

இரண்டுக்கும் பாதை ஒரே நரம்புதான். முப்பிரிவு நரம்பின் ஒரு கிளை நெற்றிக்கு, ஒன்று மேல்தாடைக்கு, ஒன்று கீழ்தாடைக்கு. மைக்ரேன் கீழ்க்கிளைகளில் வந்தால் சொத்தை இல்லாத பல்லும் வலிக்கும்.

இந்த வலிக்கு சர்வதேச வகைப்பாட்டில் தனித் தலைப்பு கிடைத்தது 2020-ல்தான்: 'வாய்-முக மைக்ரேன்'. பெங்களூரு நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் எடுத்த கணக்கெடுப்பில், ஒரு வருஷத்தில் நாலில் ஒருவருக்கு மைக்ரேன் என்று தெரிந்தது. முகத்தில் மட்டும் வருவது அதில் அபூர்வம்தான். ஆனால் பிடுங்கிய பல் திரும்ப முளைக்காதே?

ஊரிலிருந்து போனில் அம்மாவோ அத்தையோ "பல்லு உயிரை எடுக்குது, டாக்டர் ஒண்ணுமில்லேங்கிறார்" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். வலி விட்டு விட்டு வருகிறதா? கூடவே குமட்டுகிறதா? விளக்கை அணைத்துப் படுக்கத் தோன்றுகிறதா? ஆமென்றால், பல்லைப் பிடுங்குவதற்கு முன் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நடந்தாலோ மாடி ஏறினாலோ தாடை வலித்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அது இதயமாக இருக்கலாம்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி நல்ல பல்லை இழந்திருக்கிறார்களா? சொல்லுங்களேன்.