கைதுக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்: ஐயமும் சந்தேகமும்

மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, கடுங்குற்றம் ஒன்றில் ஒருவர் தொடர்புடையவர் என்ற நியாயமான 'சஸ்பிஷன்' இருந்தால், கைதாணை இல்லாமலே காவலர் அவரைக் கைது செய்யலாம். அதே சட்டத்தின் 182ஏ பிரிவோ, விசாரணையின் முடிவில் அரசுத் தரப்பு நியாயமான 'டவுட்'டுக்கு அப்பால் குற்றத்தை மெய்ப்பித்துள்ளதா என்று நீதிமன்றம் ஆராய வேண்டும் என்கிறது. முன்னது சிறைக்கதவைத் திறந்து உள்ளே அனுப்புவது. பின்னது அதே கதவைத் திறந்து வெளியே விடுவது. இவ்விரண்டையும் நம் செய்தித்தாள்கள் தமிழில் எவ்வாறு எழுதுகின்றன? 'நியாயமான சந்தேகத்தின் பேரில் கைது' என்றும், 'நியாயமான சந்தேகம் எழுந்ததால் விடுதலை' என்றும் எழுதுகின்றன. கிள்ளானில் காலைத் தேநீரோடு நாளிதழைப் புரட்டுபவருக்கு, சந்தேகத்தால் பிடிபட்டவன் எப்படிச் சந்தேகத்தாலேயே விடுபட்டான் என்ற குழப்பம் எழுவது இயல்பே.

இக்குழப்பத்தின் வேரைத் தேட, முதலில் ஆங்கிலத்தின் பக்கம் செல்வோம். 'டவுட்' பிரெஞ்சு வழியே இலத்தீனின் 'துபிதாரெ' என்னும் வினையிலிருந்து வந்தது. இரண்டு என்னும் பொருளுடைய 'துவோ'வோடு அதற்கு உறவுண்டு. இரு கிளைகளுக்கு நடுவே நிற்கும் மனநிலை அது. இன்று அச்சொல்லில் எழுதப்பட்டும் ஒலிக்காமல் கிடக்கும் 'பி' என்னும் எழுத்து, இலத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காகக் கற்றோர் பிற்காலத்தில் செருகியது. மக்கள் நாவு அதை ஏற்கவில்லை; எழுத்துக்கூட்டல் தேர்வில் பிள்ளைகளைத் தடுக்கி விழச் செய்வதுதான் அது கண்ட பயன். 'சஸ்பெக்ட்' வேறு குடும்பத்தது. கீழிருந்து மேல்நோக்கிப் பார்த்தல் என்பது அதன் மூலப்பொருள். ஓரக்கண் பார்வை என்று நாம் சொல்வதற்கு அது அண்மையில் நிற்கிறது.

இன்றைய ஆங்கிலத்தில் இவ்விரு வினைகளும் எதிரெதிர்த் திசையில் சாய்கின்றன. அவன் திருடினான் என்பதை 'டவுட்' செய்பவர், திருடியிருக்கமாட்டான் என்று நினைக்கிறார். 'சஸ்பெக்ட்' செய்பவர், திருடியிருப்பான் என்று நினைக்கிறார். ஆயினும் பழைய ஆங்கிலேயரிடமும் இந்த வரம்பு உறுதியாக இருக்கவில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'டவுட்' அஞ்சுதல், ஐயுறுதல் ஆகிய பொருள்களையும் தந்தது. ஸ்காட்லாந்து வழக்கில் மழை வருமென்று 'டவுட்' செய்பவர், இன்றும் குடையை எடுத்துக்கொண்டே புறப்படுவார்.

தமிழ் இவ்வேறுபாட்டைச் சொல்லால் காட்டவில்லை, தொடரமைப்பால் காட்டுகிறது. 'அவன் திருடினான் என்பதில் எனக்குச் சந்தேகம்' என்றால் நம்பவில்லை என்று பொருள். 'அவன் திருடினானோ என்று எனக்குச் சந்தேகம்' என்றால் நம்பத் தொடங்கிவிட்டேன் என்று பொருள். 'அவன்மேல் சந்தேகம்' என்றால் ஆள் ஏறக்குறையப் பிடிபட்டாயிற்று. பெயர்ச்சொல் ஒன்றே, உருபும் ஓகாரமும் பொருளைத் திருப்பிவிடுகின்றன. பேச்சில் இவ்வமைப்பு பிசகுவதே இல்லை. ஆனால் சட்டமோ பெயர்ச்சொல்லைத் தொடரிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே நிறுத்துகிறது. 'நியாயமான சந்தேகம்' என்று உருபும் ஓகாரமும் இன்றி நிற்கும்போது, தமிழ் தன் கருவியை இழந்து விடுகிறது.

நம் முன்னோர் இம்மனநிலையை நுணுக்கமாகவே ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியம் 'கொல்' என்னும் இடைச்சொல்லை ஐயத்திற்கு உரியதாக்குகிறது. தொலைவில் தெரிவது ஆணா பெண்ணா என்று தெளியாதபோது எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதற்கும் விதி கூறுகிறது. மங்கலான ஒளியில் நிற்பது கட்டையோ மனிதனோ என்பது உரையாசிரியர்களின் வழக்கமான எடுத்துக்காட்டு. வடமொழித் தருக்க நூலாரும் இதையே காட்டுவர். இது இரு கிளைக்கும் இடையே நிற்கும் 'டவுட்' அன்றி வேறன்று. நன்னூல் ஐயத்தை அறுவகை வினாக்களுள் ஒன்றாக வைத்தது. பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் வகுப்பில் 'சார், ஒரு டவுட்' என்று கையுயர்த்தும் மாணவன் ஆசிரியரை நம்பாதவன் அல்லன். நன்னூல் வழியில் நின்று ஆங்கிலம் பேசுகிறான், அவ்வளவே.

குறளில் இரு பொருளும் உள்ளன. மெய்யுணர்தல் அதிகாரத்தில் 'ஐயம்' தெளிவுக்கு எதிரான மயக்கம். தெரிந்து தெளிதல் அதிகாரத்தின் இறுதிக் குறளிலோ, ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பியவர்மேல் பின்பு 'ஐயுறவு' கொள்வதும் தீராத் துன்பம் தரும் என்கிறார் வள்ளுவர். இங்கே ஐயுறவு ஓர் ஆள்மேல் பாய்வது. சிலப்பதிகார மன்னனையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கோவலன்மேல் சந்தேகம் விழுந்தது. பாண்டியனுக்கு ஐயம் எழவில்லை.

இவ்வேறுபாட்டை உலகச் சட்ட நூல்கள் இன்றும் மேற்கோள் காட்டும் வகையில் விளக்கிய வழக்கு நம் நாட்டிலேயே பிறந்தது. 1965இல், சென்றுகொண்டிருந்த ஒரு லாரியிலிருந்து மரக்கட்டை விழுந்து, ஒரு காரில் இருந்தவர் உயிரிழந்தார். லாரி நிற்கவில்லை. பின்னர்க் கைதானவர்கள், தம்மைத் தடுத்து வைத்தது முறையற்றது என்று வழக்குத் தொடர்ந்தனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1969இல் டெவ்லின் பிரபு தீர்ப்புரைத்தார். சந்தேகம் என்பது சான்று இல்லாத இடத்து நிலவும் ஊகம். அது புலனாய்வின் தொடக்கத்தில் எழுவது. முதனிலைச் சான்று கிட்டுவது அப்புலனாய்வின் முடிவு என்பது அவர் விளக்கத்தின் சாரம். ஆகவே கைது செய்யச் சந்தேகம் போதும். தண்டிக்க அது ஒருபோதும் போதாது.

தண்டிக்கும் இடத்தில் மற்றச் சொல் ஆட்சி செய்கிறது. 1963இல் நீதிபதி சுபியான் வகுத்த வழிகாட்டுதல் மலேசிய வழக்கறிஞர் அனைவரும் அறிந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் விளக்கத்தை நீதிமன்றம் நம்பாவிடினும், அது குற்றம் பற்றி நியாயமான ஐயத்தை எழுப்புமாயின் அவரை விடுவிக்க வேண்டும் என்பது அது. நம்பாமலும் விடுவிக்கலாம் என்னும் இந்நுட்பத்தைத் தமிழில் விளங்கச் சொல்ல, ஒரு தனிச்சொல் இன்றியமையாதது. ஒரு சொல்லின்றி மற்றது மட்டும் ஆண்ட காலமும் இம்மண்ணில் உண்டு. 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் விசாரணையின்றித் தடுத்து வைக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் இருந்தது. அங்கே சந்தேகம் கைது செய்தது. ஐயம் எழுவதற்கு நீதிமன்றமே இல்லை.

மலாய் மொழி இதில் நம்மினும் ஒழுங்காக நடந்துகொண்டது. சட்டத்தில் 'டவுட்'டுக்குக் 'கெராகுவான்', 'சஸ்பிஷ'னுக்கு அரபு வழி வந்த 'ஷாக்' என்று பிரித்துக்கொண்டது. 'சங்கா', 'சங்சி' எனச் சங்கை, சம்சயம் என்னும் வடசொற்களின் வழி வந்தவையும் அதன் வீட்டில் உள்ளன. அவற்றுக்கும் தனித்தனி வேலை கொடுத்திருக்கிறது.

நம்மிடையே தூய தமிழ் ஆர்வலர் சிலர் 'சந்தேகம்' வருமிடமெல்லாம் 'ஐயம்' என்று மாற்றுகின்றனர். அந்த ஆர்வத்தை மதிக்கிறோம். ஆனால் இரண்டு சொற்கள் கையில் இருக்க ஒன்றை எறிந்துவிடுவது, இருந்த குழப்பத்தை வேறு சொல்லில் தொடர்வதாகும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களும் செய்தியாசிரியர்களும் 'டவுட்'டுக்கு ஐயம் என்றும், 'சஸ்பிஷ'னுக்குச் சந்தேகம் என்றும் வரையறுத்துக்கொள்ளலாம் என்பது நம் கருத்து. வடசொல் வேண்டாதார்க்குக் குறள் தந்த 'ஐயுறவு' இருக்கிறது. இலங்கைத் தமிழில் நிலைபெற்ற 'சந்தேக நபர்' என்னும் வழக்கும், நம் இதழ்களின் 'சந்தேகப் பேர்வழி'யும் இப்பங்கீட்டுக்கு இசைந்தே வருகின்றன. 'ஐய நபர்' என்று இதுவரை எவரும் எழுதியதாக நாம் கண்டதில்லை.